பென்ஜமின் அண்ணன் எழுதாமல் விட்ட வரி

கல்லடியைச் சேர்ந்த பென்ஜமின் அண்ணன் சென்ற செவ்வாய்க்கிழமை காலை தமது வீட்டில் காலமானார். இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் அவருடைய மகள் மெர்சி. அதற்கு முன்பே கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது: "போதகர் பென்ஜமின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அவர் போதகர் அல்லர். ஆகவே அந்தச் செய்தியின் மற்றப் பாதியையும் நான் நம்பவில்லை. மெர்சியை அழைத்தேன். "ஓம் அங்கிள், உண்மைதான்" என்றாள். "நீங்க எடுத்துக் கேப்பீங்க எண்டு அப்பா முந்தியே சொன்னவர்" என்றாள்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஆளைத்தான் அறிந்திருக்கிறீர்கள் என்பது செத்தவீட்டில் தெரிந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்தவர்கள் அவரைப் 'பாதைக்காரர்' என்றார்கள். பாலம் கட்டுமுன் மண்முனைத் துறையில் ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஏற்றி வாவியைக் கடந்த மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். அதில் அவர் நெடுங்காலம் வேலை செய்தார். கடற்பக்கமான எழுவான்கரை ஆட்களுக்கு அவர் மெதடிஸ்த சபையில் கடைசி வாங்கில் இருப்பவர். முகாம்களில் இருந்தவர்களுக்கு அவர் நீல மேலங்கிக்காரர். அனர்த்தத்தில் அகப்பட்டவர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பதற்கென்று பல சமயத்தவரையும் சேர்த்து நகரில் ஒரு தொண்டர் பயிற்சி நடந்தது. அதில் கொடுத்த அங்கி அது.

எனக்கு அவர் முதலில் ஒரு சந்தேக நபர்.

முந்திய மாரி வெள்ளத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் இருந்தது. செய்தி எடுக்கப் போனேன். நீல அங்கி போட்ட வயதான ஒருவர் வகுப்பறைக்குள் பாயில் சம்மணமிட்டு இருந்து, ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழும்பி அடுத்த அறைக்குப் போனதும் பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

"ஆருகா இவர்? சேர்ச்சில இருந்தா?"

"பேர் எழுதுறாராமே. பால்மா வருமா?"

"பால்மாவும் வராது பழஞ்சோறும் வராது. பேரெழுதின ஆக்கள் இஞ்ச முந்தியும் வந்தவங்க. மறுகா நாங்க தேடித் திரிஞ்சது அந்தப் பேருக்குரிய ஆக்களைத்தான்."

கடைசியாகப் பேசிய பெண் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். போர்க்காலம் தொட்டு, பட்டியல் என்றால் இந்த மாவட்டத்தில் ஆட்கள் முதலில் பார்ப்பது எழுதுகிறவனின் முகத்தைத்தான்.

நான் அவரிடமே போய், யாருக்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "எனக்காகத்தான்" என்றார். என்ன எழுதுகிறீர்கள் என்றேன். "அவங்க சொல்லுறத." மதம் மாற்ற வந்தீர்களா என்று நேரே கேட்டேன். கோபப்படவில்லை. "தம்பி, பாதையில ஏறுற ஆக்களிட்ட ஏன் போறாய் எண்டு நாங்க கேக்கிறதில்ல. அக்கரையில இறக்கிவிடுறதுதான் வேலை" என்றார். நன்றாகத் தேய்த்து மினுக்கிய வசனமாக அது எனக்குப் பட்டது. இதே வசனத்தை வேறு இருவரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். வெகுநாள் கழித்து அதைச் சொல்லிக்காட்டியபோது, "ஓம். இதைவிட நல்லதொண்டு கிடைச்சா மாத்துறன். அதுமட்டும் இதுதான்" என்றார்.

அவர் குனிந்து செருப்பைத் தேடிய நேரத்தில் கொப்பியின் திறந்த பக்கத்தைப் படம் எடுத்தேன். பெயர், அதற்கு எதிரே ஒரு சாப்பாடு. கந்தப்பன், சுறாப்புட்டு. நாகம்மா, அவித்த மரவள்ளி, சம்பல் உறைப்பாக. இளையதம்பி, இஞ்சி போட்ட பிளேன்ரீ. இப்படியே கீழே போயிற்று. நாக்கைப் பிடித்து ஆளைப் பிடிக்கிற வேலை என்று முடிவு கட்டினேன். முகாமில் உள்ளவர்களின் பெயர்களையும் விருப்பங்களையும் அடையாளம் தெரியாத ஒருவர் திரட்டுகிறார் என்று எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். எதற்கும் இரண்டாவது ஆளிடம் கேட்பது என் வழக்கம். அன்று கேட்கவில்லை.

பத்திரிகை வந்த காலையில் ஒரு பெண் அழைத்தார். பெயர் சொல்லவில்லை. "நீங்க படம் போட்ட பேரெல்லாம் செத்த ஆக்கள்ட, தம்பி. அதில ரெண்டாவது என்ட அம்மா" என்றார்.

வெள்ளத்தில் உடல் கிடைத்தவர்களை அவசரமாக அடக்கியிருந்தார்கள். எட்டாம் நாள் படையலுக்கு, போனவருக்கு விருப்பமானதைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். முகாமில் அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. வரிசையில் நின்று வாங்கும் பருப்பும் சோறும்தான். பென்ஜமின் அண்ணன் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், போனவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டு எழுதியிருந்தார். எட்டாம் நாள் அதைக் கொண்டு வருவதாக ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் பலர் முதல்முறையாக அழுதார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

அன்றுதான் எட்டாம் நாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே நின்றார். காலடியில் இரண்டு பெரிய பைகள். மெர்சி விடியப்புறம் எழும்பிச் சமைத்தவை. உள்ளே முகாமுக்குப் பொறுப்பான ஆசிரியர் நின்றார். அவர் கோயில் நிருவாகத்திலும் இருந்தவர். "ஐயா, பேப்பரில வந்திட்டு. உங்கள உள்ள விட்டா என்னைத்தான் கேப்பாங்க. நான் என்ன செய்ய?" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பென்ஜமின் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "அது ஆறுதலாக் கேக்கலாம். படலையப் பூட்டினது நீங்க. நீங்களே கொண்டு போங்க. புட்டு ஆறப்போகுது" என்றார். கொப்பியையும் தந்தார். பெயரை வாசித்து, அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். வேறொன்றும் பேசக் கூடாது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

வகுப்பறை மேசைகளில் வாழையிலை விரித்திருந்தார்கள். நான் கொடுத்தேன். என்னை அடையாளம் கண்டவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். நாகம்மாவின் மகள் சம்பலை நுனிவிரலில் தொட்டுப் பார்த்து, "உறைப்புக் காணாது. அம்மா எண்டா ஏசியிருப்பா" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூலையில் ஒரு பெண் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியில் ஒரு பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை: சீவரத்தினம். வயல்வெளியான வட்டையில் நின்ற மாடுகளை மேட்டுக்குக் கலைக்கப் போனவர். மாடுகள் வந்து சேர்ந்தன. அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மூலையில் இருந்தவர் அவருடைய மனைவி புவனேஸ்வரி.

"எனக்கு ஒண்டும் கொண்டு வரல்லையே?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"நல்லம்" என்றார்.

படலைக்குத் திரும்பி வந்து அந்த வெற்றிடம் ஏன் என்று பென்ஜமின் அண்ணனிடம் கேட்டேன். "அவ சொல்லல்ல" என்றார். சொல்லாவிட்டால் பெயரை ஏன் எழுதினீர்கள் என்றேன். "பேரச் சொன்னவ. பேரச் சொல்லிப்போட்டு, 'அவர் வந்து சாப்பிடுவார், எழுதாதீங்க' எண்டா. எழுதல்ல."

பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "பார்த்தன். கண்ணாடி போட்டும் கிட்டப் பிடிச்சுத்தான் பார்த்தன்."

உங்களில் பலர் நம்புகிற ஒரு கதையை இங்கே திருத்த வேண்டும். ஆழிப்பேரலையில் மனைவியைப் பறிகொடுத்ததால்தான் அவர் இந்தத் தொண்டுக்கு வந்தார் என்று செத்தவீட்டிலும் ஒருவர் பேசினார். அது பிழை. அவருடைய மனைவி பல ஆண்டுகள் கழித்து நோயில் இறந்தவர். நான் அவரிடமே கேட்டிருக்கிறேன், கடலுக்கு ஆரைக் கொடுத்தீர்கள் என்று. "ஒருத்தரையும் இல்ல" என்றார். அன்று அவர் துறையில் வேலையில் இருந்தார். வீட்டார் அக்கரையில் உறவுவீட்டில் இருந்தார்கள். கல்லடியில் அவர்களுடைய ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், அப்படித் தப்பிய குடும்பம் அது ஒன்றுதான். "எனக்கு அண்டைக்கு ஒண்டும் நடக்கல்ல தம்பி. ஒழுங்கையில நடக்க வெக்கமாக் கிடந்தது" என்றார். இதையும் நான் உடனே நம்பவில்லை. அந்த ஒழுங்கையில் மிஞ்சிய இருவரிடம் விசாரித்தேன். சரியாகத்தான் இருந்தது.

வெள்ளம் வடிந்து முகாம் கலைந்த பிறகும் அவர் புவனேஸ்வரியின் வீட்டுக்குப் போய்வந்தார். பாலத்தால் சைக்கிளில் போவார். இதில் எனக்குப் புதிய சந்தேகம் வந்தது. சீவரத்தினத்தின் மரணத்தைப் பதியாமல் அவருடைய வயற்காணியைப் புவனேஸ்வரியின் பெயருக்கு மாற்ற முடியாது. பதிவதற்குப் புவனேஸ்வரி விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அலுவலர் ஒருவர் அந்தப் படிவத்தைப் பென்ஜமின் அண்ணனிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆறுதல் சொல்லப் போகிற ஆள் கையெழுத்து வாங்கப் போகிறாரா? புவனேஸ்வரிக்கும் அதே ஐயம் இருந்தது. "இந்த மனிசன் என்ட தாலியக் கழட்ட வைக்கத்தான் வாறார்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

கேட்டேன். பென்ஜமின் அண்ணன் ஒளிக்கவில்லை. "ஓம், கடதாசி தந்தவங்க. வாங்கி என்ட பைக்குள்ள வச்சன். நான் வாங்காட்டி வேற ஆரும் கொண்டுபோய் அவவிட்ட நீட்டியிருப்பாங்க" என்றார். அப்படியென்றால் நீங்கள் எப்போது நீட்டுவீர்கள் என்றேன். "அவ கேக்கிற அண்டைக்கு."

முகாமுக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியரைச் செத்தவீட்டில் கண்டேன். அவரும் பழைய சந்தேகக்காரர்தான். "ஒரு வசனமாவது ஓதுவார் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். ஓதல்ல. கடைசியில நானே கேட்டன், உங்கட ஆண்டவர் இதுக்கெல்லாம் என்ன சொல்றார் எண்டு. 'அவரும் அழுதவர்தான்' எண்டார். அவ்வளவுதான்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மெர்சி ஒரு துணிப்பையை என்னிடம் தந்தாள். உள்ளே சிவப்பு மட்டைக் கொப்பி. அதற்குள் நாலாக மடித்த படிவம், கையெழுத்து இல்லாமல். ஏன் என்னிடம் என்று கேட்டேன். சபையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவரோடு பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருக்கிறார்கள். "நானும் அதைத்தான் கேட்டன் அங்கிள். 'அவன் ஆரையும் நம்பமாட்டான். பத்திரமா வச்சிருப்பான்' எண்டார்" என்றாள்.

நேற்று அந்தப் பையோடு படுவான்கரைக்குப் போனேன். புவனேஸ்வரிக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே, "எட்டு எப்ப?" என்று கேட்டார். அவர்களுடைய சபையில் எட்டு வைப்பதில்லை என்றேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"எல்லாருக்கும் எழுதின மனிசன். அவருக்கு என்ன விருப்பம் எண்டு ஆரும் எழுதினீங்களா?"

இல்லை என்றேன். எனக்குத் தெரியவும் தெரியாது.

"எழுதுங்க. சாயம் கூடின தேத்தண்ணி, பனங்கட்டித் துண்டோட. துண்டைக் கடிக்கமாட்டார், கடவாய்க்குள்ள வச்சிருப்பார். இரண்டாந்தரமும் கேட்டு வாங்குவார்."

கொப்பியைத் திறந்து கடைசிப் பெயருக்குக் கீழே எழுதினேன். பக்கம் அவருக்குத் தெரியும்படி மடியில்தான் இருந்தது. சீவரத்தினத்தின் பெயரையும் அதன் எதிரே உள்ள வெற்றிடத்தையும் அவர் பார்த்தார். படிவம் மடிப்போடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தார். நான் அதைத் தொடவில்லை.

"வயல்வெட்டு முடியட்டும்" என்றார். "மறுகா வாங்க."

"அப்ப சொல்லுவீங்களாக்கா?"

"வாங்க எண்டுதான் சொன்னன்."

நான் சேர்த்துவைத்திருப்பது இவ்வளவுதான்: ஒரு கொப்பி, ஒரு படிவம், கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் பென்ஜமின் அண்ணனுடைய பழக்கத்தில் பாதி. சீவரத்தினத்தைப் பற்றி உறுதியான தகவல் இன்றுவரை இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து இல்லை. கொப்பியில் அவருடைய வரி வெறுமையாகவே இருக்கிறது. வட்டையில் இப்போது நெல் வேளாண்மை கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிறது. வெட்டு மாசிக் கடைசியில் முடியும் என்கிறார்கள். அதற்கு அடுத்த கிழமை போவேன்.