மர்பி டவுனில் ‘சாகு’ என்றொரு ஓவியம்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பெங்களூரு போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, பயந்துபோய்த்தான். மர்பி டவுனில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது எழுபத்தாறு. ஐம்பது வருடமாக முகங்களை வரைகிறார். நெற்றி பச்சையாகவும் கன்னம் ரத்தச் சிவப்பாகவும் இருக்கும். ஆள் யாரென்று தெரியாது, அந்த ஆளின் மனசு மட்டும் நன்றாகத் தெரியும். அந்த வாரம் தன் முகத்தையே வரைந்து குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தார். கறுப்புப் பின்னணி, ஒற்றைக் கண், கீழே தமிழில் ஒரே சொல்: ‘சாகு’.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் அண்ணனுக்கு போன் போட்டால், அவர் “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிடுகிறார். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான். ஆகவே நான் கிளம்பினேன்.

காட்பாடியில் 7.20க்கு ரயில், கண்டோன்மென்ட்டில் இறங்கும்போது 10.35. டிக்கெட் 105 ரூபாய். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 130. ஓட்டுநர் பக்கத்து ஏரியாவான ஜோகுபாளையத்துக்காரர்.

“மர்பி டவுன்ல எங்க சார்?”

“மார்க்கெட் பக்கம். படம் வரைவாரே ஒருத்தர்...”

“பயமுறுத்துற மாதிரி மூஞ்சி போடுவாரே, அவுரா? நேத்துகூட இட்லி வாங்கிட்டுப் போனாரு சார்.”

பாதி உயிர் அங்கேயே திரும்பி வந்தது.

பெரியப்பா வீட்டில் ஓவியம் கிழக்கு ஜன்னலோரம் நின்றது. கத்தியால் அப்பிய வண்ணம், விரல் தடிமன். இருந்த ஒரு கண்ணும் நம்மைப் பார்க்கவில்லை, உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற கண்ணின் இடத்தில் வண்ணம் படாத வெறும் கேன்வாஸ் துணி. அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நகர முடியவில்லை.

“பெரியப்பா, ஏன் சாகுன்னு எழுதினீங்க? எல்லாரும் ஆடிப்போயிட்டோம்.”

என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சிரிப்பு தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “டேய், அது கன்னடம்டா! போதும்னு அர்த்தம். நடுவுல ‘க்’ போட்டா சாக்குப் பை ஆயிடும், வேற எப்படி எழுத?”

மீதியைப் பெரியம்மா சொன்னார். அவர் மண்டியாக்காரர், கன்னடம் தாய்மொழி. பெரியப்பாவுக்கு எங்கே நிறுத்துவதென்றே தெரியாதாம். தன் முகத்தை ஏற்கெனவே நாலு தடவை வரைந்து, மேலே மேலே பூசி, நாலையும் கெடுத்திருக்கிறார்.

“இதுலயும் இன்னொரு கண்ணுக்கு பிரஷ் எடுத்தாரு. நான் பின்னால நின்னு ‘சாகு ரீ’ன்னேன், போதுங்கன்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து மொத தடவையா என் பேச்சக் கேட்டாரு!”

இப்படிப்பட்ட ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்குள் போங்கள், காலை வெளிச்சத்தில்தான் பச்சை நிறம் பச்சையாகத் தெரியும். ஆறடி தள்ளி நில்லுங்கள். கீழே எழுதியிருப்பதைக் கடைசியாகப் படியுங்கள். போனில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், எங்கள் குடும்பம் பட்டது போதும்.

கிளம்பும் முன் அப்பாவை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தேன். அண்ணனின் தமிழை ஒரு நிமிடம் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கியது.

“அண்ணா, நெஜமாவே போதும்னு தோணிடுச்சா உனக்கு?”

“படத்துக்குத்தான்டா போதும்,” என்றார் பெரியப்பா. “எனக்கு இன்னும் போதல.”