கூடைக்குப் பிரேக் கிடையாது

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு நடுவே இறங்கும் மண் பாதையில் கியர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன்.

பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வயது நாற்பதைத் தொடுகிறது. வாரத்தில் ஆறு நாளும் உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால், மூன்று வருடங்களுக்கு முன் மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வாங்கினேன். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து ஐந்து பேர் ஞாயிறுதோறும் கிளம்புவோம். ஐவரில் நான் ஒருத்திதான் பெண். காட்டுக்குள் போக அனுமதி கிடையாது. தோப்புகளை ஒட்டிய பாதைகள்தான் எங்களுக்கு. இறக்கத்தில் ஆண்களை முந்திக்கொண்டு வருவதில் எனக்கு நல்ல பெருமை.

அன்றும் மற்றவர்களை மேலேயே இளைப்பாற விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் இரண்டு பெண்கள், தலையில் மாங்காய்க் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் பாதை குறுகல். ஆனாலும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். "சைடு, சைடு" என்று கத்தினேன். பிரேக்கைத் தொடவில்லை.

பின்னால் நடந்த பெண் திடுக்கிட்டு இடது பக்கம் ஒதுங்கினார். அங்கே உருட்டுக் கற்கள். கால் புரண்டு விழுந்தார். கூடை கவிழ்ந்து சப்பட்டை ரக மாங்காய்கள் சரிவில் உருண்டோடின. நான் அவரைத் தொடவே இல்லை. சைக்கிளை நிறுத்தும்போது என் மனதில் முதலில் வந்தது அதுதான், 'நான் இடிக்கவில்லையே' என்று. இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே கல் கிழித்து ரத்தம் வடிந்தது. கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். முன்னால் போனவர் அவருடைய மதினி. சேத்தூரிலிருந்து தோப்பு வேலைக்கு வருகிறவர்கள். தலையில் கூடை இருந்ததால் மதினியால் சட்டென்று திரும்பக்கூட முடியவில்லை. நின்ற இடத்திலேயே, மலையைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தபடி கேட்டார்: "ஏட்டி, எந்திரிக்க முடியுதா?"

"முடியல மதினி. நீங்க போயி வேன நிறுத்தி வைங்க. நான் பொறவு வாரேன்."

கீழே தார் ரோட்டில் மாங்காய் ஏற்றும் வேன் நிற்கும். எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். மதினி மனசில்லாமல் நடந்தார்.

என் பையில் எப்போதும் கம்பெனித் துணி இருக்கும். பதினான்கு வருடமாக அதை வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணியிருக்கிறேன். ரத்தம் வடிகிற காலில் வைத்து அழுத்தியது அன்றுதான். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காயத்தைக் கழுவி, கட்டி, கணுக்காலுக்கும் இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டேன். கட்டி முடித்ததும் அவர் கேட்டார்:

"ஏம்மா, ஒன் வண்டிக்குப் பிரேக்கு இருக்குல்லா?"

"இருக்குக்கா."

"தலையில சுமையோட வாரவளுக்கு அது எங்க இருக்கு?"

உருண்ட மாங்காய்களைப் பொறுக்கிக் கூடையை நிறைத்தேன். அவர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு கேரியர் கூட இல்லையே, இது என்ன வண்டி?" என்றார்.

"நான் தூக்கிட்டு வாரேன்கா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இருபது கிலோவுக்குக் குறையாது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் தன் துண்டைச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்து, ஒற்றைக் காலில் நின்றபடி கூடையை ஏற்றிவிட்டார். "தரையக் குனிஞ்சு பாக்காத. நேரா பாரு, காலு தானா போவும்." அவர் என் சைக்கிளின் ஹேண்டிலில் எடையைப் போட்டு, அடிக்கொரு தரம் பிரேக்கைப் பிடித்தபடி, நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

மூன்று வருடமாக ஒவ்வொரு கல்லும் தெரியும் என்று நான் நினைத்திருந்த பாதை. இப்போது கால் வைக்கிற இடமே தெரியவில்லை. கழுத்தை இம்மியும் திருப்ப முடியவில்லை. பாதி தூரம் வந்திருப்போம். பின்னால் மேட்டிலிருந்து சரளை தெறிக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஓர் ஆண் குரல்: "சைடு, சைடு."

எங்கள் குழுவில் ஒருவர்தான். எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியவில்லை. இடது பக்கம் கல், வலது பக்கம் பள்ளம். கால் தானாகவே கல்லை நோக்கிப் போனது.

"ஏலே, நில்லுலே."

அந்தப் பெண்ணின் குரல். டயர் மண்ணில் இழுபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மெதுவாக உடம்போடு திரும்பிப் பார்த்தேன். என் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே திருப்பிப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஒரு கை தூரத்தில் வெளிறிய முகத்தோடு என் நண்பர். வங்கியில் அதிகாரி. அவரை யாரும் 'ஏலே' என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருக்கும். சைக்கிளை விட்டு இறங்கி, "மன்னிச்சிருங்கக்கா" என்றார். அரை மணி நேரத்துக்கு முன் என்னால் விழுந்தவர், அடிபட்ட காலோடு எனக்காகக் குறுக்கே நின்றிருக்கிறார்.

மதினி வேனை நிறுத்தி வைத்திருந்தார். கூடையை இறக்கியதும் வேனில் நின்றவர்கள் அவருடைய காலைப் பார்த்து விசாரித்தார்கள். "கல்லு தடுக்கிட்டு" என்றார் அவர். அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "கல் இல்லை. நான்தான் பின்னால வேகமா வந்து பயமுறுத்திட்டேன்" என்றேன். ஒருவர் கோபப்பட்டு, பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவோம் என்றார்.

"முள்ளப் போட்டா நாம எது வழியா போவ?" என்றார் அந்தப் பெண். "இனி இவிய பாத்து வருவாவ."

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எலும்பு முறிவு இல்லை. பத்து நாள் நடக்கக் கூடாது என்றார்கள். அந்தப் பத்து நாளும் வேலை முடிந்து பஸ் பிடித்து சேத்தூர் போய்க் கட்டு மாற்றியது நான்தான். ஒருநாள், "சைக்கிளுக்கு மணி வச்சிட்டா சரியாப் போயிருமாக்கா?" என்று கேட்டேன்.

"மணிச் சத்தமும் திடுக்குனுதான் இருக்கும். பத்தடி தள்ளி எறங்கி நின்னு, 'அக்கா, பின்னால வாரேன்'னு மெதுவாச் சொல்லு. தோதான எடம் வந்ததும் நானே ஒதுங்கிக்கிட்டு ஒன்னக் கூப்பிடுவேன். செத்த நேரம் பொறுத்தா என்ன?"

எங்கள் ஐந்து பேருக்கும் இப்போது அதுதான் சட்டம். புதிதாக யார் சேர்ந்தாலும், கியர் மாற்றக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாங்காய்க் காலத்தில் எட்டு மணிக்குப் பிறகுதான் அந்தப் பக்கமே போகிறோம்.

இறக்கத்தில் வேகமாகப் போகும் ஆசை எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் முன்னால் ஒரு தலைச்சுமை தெரிந்ததும் இறங்கி நின்று குரல் கொடுத்து, அவர் பயமில்லாமல் அடுத்த அடியை எடுத்து வைப்பதைப் பார்க்கும்போது, சைக்கிள் வாங்கியதிலிருந்து நான் கற்ற மிகப் பெரிய வித்தை இதுதான் என்று தோன்றுகிறது.