பங்கருக்கு மேல் ஏறிய ஓஸ்ரின்

உரும்பிராயில் வாடகைக்கார் ஓட்டிய ஏரம்புவை ஊர்ப்பிள்ளைகளில் பாதிப்பேர் பிறக்கமுன்பே அறிந்திருந்தார்கள். அவர்களை வயிற்றில் சுமந்த தாய்மாரை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய ஓஸ்ரின் கார்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு அந்தக் காரின் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்தது. போரில் எரிபொருள் தடைப்பட்டு, நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். கார் ஒழுங்கைக்குள் திரும்பினாலே ஆமியின் ஹெலிகொப்டர் வருகிறதென்று சனம் பங்கருக்குள், வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள், இறங்கியது. பிறகு ஏசிக்கொண்டு ஏறி வந்தது. ஏரம்புவும் சிரித்துச் சமாளித்தார். அடுத்த வீட்டு மீனாம்பிகை, நிறைமாதக்காரி, வேலிக்கு மேலால் கதைத்த அன்றுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

"கோவியாதேங்கோ மாமா. நான் உங்கடை காரிலை வரமாட்டன். உந்தச் சத்தத்துக்குள்ளை குண்டு போடுற பொம்பர் வாறது கேக்காது. சைக்கிளிலை போறன்."

அவளையே தாயின் வயிற்றோடு ஏற்றிப்போனவர் அவர். குண்டும் குழியுமான ரோட்டில், இந்த வயிற்றோடு, சைக்கிள் காரியரிலா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதுச் சைலன்சர் கொழும்பிலிருந்து வர வழியில்லை. டீசலில்லாமல் கிடந்த தன் இருசில்லு உழவு யந்திரத்தின் சைலன்சரைக் கழற்றினார். கிணற்று இறைப்பு மெசினின் குழாயில் ஒரு துண்டு அறுத்தார். காருக்குக் கீழே நின்று வேலை செய்யக் குழி வேண்டும். வளவில் இருந்த ஒரே குழி பங்கர். அதன் மண்மூட்டைகளையும் பனங்குற்றிகளையும் அகற்றி, காரின் சில்லுகளுக்கு இரண்டு குற்றிகளை மட்டும் குறுக்கே விட்டு, காரை மேலே ஏற்றினார்.

மனைவி இரத்தினம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இனிப் பிளேன் வந்தா எங்கை ஒளியிறது?"

"இதுக்குள்ளைதான். கார் கூரை மாதிரி நிக்குதே."

"பெற்றோல் ராங்குக்குக் கீழையோ?"

"அதிலை பெற்றோல் எங்கையப்பா கிடக்கு?"

பழைய நட்டுகள் அசைய மறுத்தன. சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்து ஒருவாறு கழற்றி, புதுக்குழாயைத் தொங்கவிட்டு, அதையும் தட்டிப் பொருத்திக்கொண்டிருந்தார். இரத்தினம்மா அடுத்த வீட்டிலிருந்து கூட்டிவந்த மீனாம்பிகையைக் கைத்தாங்கலாகக் குழிக்குள் இறக்கியபோதுதான் தலைக்கு மேல் பொம்பர் இரைவது அவருக்குக் கேட்டது. மூவரும் குந்தியிருந்தார்கள். எங்கோ தெற்கே குண்டு விழுந்தது, மண் உதிர்ந்தது. ஏரம்பு கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். மீனாம்பிகை வேலியடியில் சொன்னது இப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது.

ஆடிய குழாயை மீனாம்பிகை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"தலையிலை விழப்போகுது மாமா, இறுக்குங்கோ."

இறுக்கினார்.

பிளேன் போனபின் காரை இறக்கி ஸ்ராட் செய்தார். குழாய் சூடேறி வெள்ளையாகப் புகைந்து, பிறகு தெளிந்தது. மீனாம்பிகை பின்சீற்றில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஏரம்பு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருந்தார்.

"காகம் கத்திறது கேக்குது," என்றாள் கடைசியில். "உங்கடை காரிலையே வாறன் மாமா."

அடுத்த கிழமை அவளுக்குப் பிரசவ நோ கண்டது. கார் புறப்பட்டபோது ஒருவரும் பங்கருக்கு ஓடவில்லை, வழியும் விடவில்லை. சைக்கிள்காரர் நடுரோட்டில் கதைத்துக்கொண்டு போனார்கள். ஏரம்பு ஹோனை அமத்தினார். அது எப்போதோ செத்திருந்தது. பழைய இரைச்சலில் அதைத் தேடவே தேவை வரவில்லை. இரத்தினம்மா யன்னலால் தலையை நீட்டி, "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று கத்தத் தொடங்கினாள்.

பின்சீற்றிலிருந்து மீனாம்பிகை அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மெல்லமாக் கத்துங்கோ மாமி. மேலை பொம்பர் வந்தாக் கேக்க வேணும்."