சாம்பியனின் இடுப்பளவு

"இந்த வாரம் எவனாம், டீச்சர்?" என்று கேட்டபடி சொரிமுத்து கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையை நீட்டுகிறார். சாயக் கறை ஏறிய கட்டைவிரல் மல்யுத்தச் செய்தியின் மேல் பிசகாமல் நிற்கிறது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் தமக்குக் கோபம் வரப்போகிறது என்பது தெரியும்.

திங்கட்கிழமை தோறும் இது நடக்கிறது. மாட்டுங்காவிலிருந்து நடந்து வந்து, தாராவியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குத் திரும்பும் சந்தில்தான் கரீம் பாட்சாவின் பெல்ட் பட்டறை இருக்கிறது. வாசலை ஒட்டிய பலகையில் சொரிமுத்து உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தைந்து இருக்கும். அம்பாசமுத்திரத்துப் பக்கத்து மனிதர். ஒரு பைல்வான் மனம் வைத்தால் ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம், அத்தனை ஒல்லி.

"பைல்வான் வெள்ளைக் கரடி உலகச் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்" என்று போன மாதம் ஒரு திங்கட்கிழமை படித்துச் சொன்னேன்.

"ஏன் அப்படிச் சொல்லுதீய?"

"நான் சொல்லவில்லை. பத்திரிகையில் போட்டிருக்கிறது."

"பத்திரிகைக்காரன் வெளிய நின்னு சாயா குடிச்சிருப்பான். நான் உள்ளல்லா இருந்தேன்? கரடி தலைமயிரப் புடிச்சு இழுக்கான். கண்ணுல விரல விடுதான். ரெப்ரீ மேல பாத்துட்டு நிக்கான், அங்கென்ன அவுக அம்மையா தொங்குதா? நான் ஹிந்தியில கத்தினேன், மராட்டியில கத்தினேன், தமிழ்லயும் கத்தினேன். சாலா, மூணு பாசையிலயும் அவனுக்குக் காது கேக்கல."

உலகச் சாம்பியன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "போன தீவாளிக்கு ஒருத்தன். பொங்கலுக்கு ஒருத்தன். இப்ப இந்தக் கரடி. ஒரு வருசத்துக்குள்ள மூணு உலகச் சாம்பியன். உலகம் ஒண்ணுதானே, டீச்சர்? பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சொல்லிக் குடுக்கீய?"

நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

யார் உண்மையான பைல்வான் என்பதற்கு அவரிடம் ஒரு சோதனை உண்டு. காதைப் பார்ப்பார். வருடக்கணக்கில் தரையில் தேய்த்து அழுத்தப்பட்டவனின் காது, மடல் கலைந்து, வெந்த கிழங்கு மாதிரி ஆகியிருக்க வேண்டும். சுவரொட்டியில் சிரிக்கும் கரடியின் காதைச் சுட்டிக்காட்டி, "இதுல கம்மல் போடலாம்" என்கிறார். அதற்குமேல் அந்த மனிதனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பது போல ஊசியை எடுத்துக்கொள்கிறார்.

காது பைல்வான்களுக்கு மட்டும். மற்ற ஆண்களை அவர் இடுப்பால் அறிகிறார். புதிதாக ஒருவர் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இடுப்பைப் பார்த்துவிடுவார். சந்தின் முனையில் நிற்கும் போலீஸ்காரர் முப்பத்தாறு. பால்காரர் முப்பத்தொன்று. நாடாவை வைத்து அளந்தால் கால் அங்குலம்கூடத் தப்பாது. பெண்கள் வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவார்.

அவருடைய சாம்பியன் தோண்டிபா. கோலாப்பூரில் மண்ணில் புரண்டு குஸ்தி கற்றவன். இடுப்பு முப்பத்தெட்டரை. பெரிய பைல்வான்கள் இறங்குவதற்கு முன்னால், சனங்கள் கடலை வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இரண்டாவது ஆட்டத்துக்கு அவனை இறக்குவார்கள். சுவரொட்டியில் அவன் படம் கிடையாது. பெயர் மட்டும் அச்சகத்தாரின் விலாசத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

"அடிச்சு விழத்தாட்டிட்டு மேல ஏறி நெஞ்சுல அடிச்சுக்கிடுதான் பாருங்க, அவன் சாம்பியன் இல்ல. தோண்டிபா ஒருத்தன விழத்தாட்டினா ரெண்டு எட்டு பின்னால போயி நிப்பான். எந்திரிக்க எடம் விடணும்லா? எவன் விடுதான்?"

அவர் மனைவி தங்கத்தாய், மதியச் சோறு கொண்டுவருகிறவள், இதையெல்லாம் காதில் வாங்காதவள் போல நின்றுவிட்டு என்னிடம் திரும்புவாள். "வீட்ல உப்பு இல்ல, புளி இல்லன்னு நான் கத்தினா இவியளுக்குக் கேக்காது. அங்க போயித் தொண்டைய அடச்சுக்கிட்டு வந்து ரெண்டு நாளு எங்கிட்ட சைகையில பேசுதாவ. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல, டீச்சரம்மா."

முதலாளி கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். அவருக்கு மல்யுத்தம் பற்றி ஒரே கருத்துதான். "எல்லாம் நாடகம்வே. கூத்து. நீரு துட்டக் குடுத்து ஏமாறுதீரு."

பட்டறையில் இந்த ஒரு சொல்லுக்குத்தான் சொரிமுத்து எழுந்து நிற்பார். "போன மாசம் தோண்டிபாவுக்கு விரல் ஒடஞ்சுதே, அது நாடகமா பாய்? கட்டுப் போட்டு நின்னான், நான் பாத்தேன். ரெப்ரீ திருடன், ஒத்துக்கிடுதேன். கம்பெனிக்காரன் பெரிய திருடன். ஆனா குஸ்தி பொய் இல்ல. நாலு திருடன் சுத்தி நின்னா, நடுவுல நிக்கவனும் திருடனா?"

அப்படிப்பட்டவருக்கு இந்த மாதம் நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. வெள்ளைக் கரடியோடு மோதவிருந்த வெளிநாட்டுக்காரர் வரவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் தோண்டிபாவின் பெயரை அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, உலகச் சாம்பியன் பட்டத்துக்கு. அந்தச் செய்தியை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். அதோடு, ஜெயிப்பவருக்குக் கட்டும் புது பெல்ட் கரீம் பாட்சாவின் பட்டறைக்கே ஆர்டராக வந்தது. சொரிமுத்து எருமைத் தோலைத் தாமே போய்ப் பொறுக்கி எடுத்தார். கழுத்துப் பகுதி வேண்டாம், சுருக்கம் விழும் என்று முதுகுத் தோலாகக் கேட்டு வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த வழியே போனபோது அவர் கையில் பத்திரிகை இல்லை. மல்யுத்தக் கம்பெனி கொடுத்தனுப்பிய ஆங்கிலச் சீட்டு இருந்தது.

"டீச்சர், அம்பத்திநாலுன்னு போட்டிருக்கு. எண்ணு எனக்குத் தெரியும். இது தோலோட நீளமா, இடுப்பா? பாயிட்ட கேட்டா, எனக்கென்னவே தெரியும்ங்காரு."

நான் வாங்கிப் பார்ப்பதற்குள் அவரே கணக்குச் சொன்னார். "நீளமாத்தான் இருக்கும். பக்கிளுக்கு மடிக்க நாலு. அழகுக்கு முனைய நீட்டி விடணும், அது ஒரு பதினொண்ணரை போவும். மிச்சம் முப்பத்தெட்டரை. சரியா வருதுல்லா?"

பதினொன்றரை அங்குலம் முனை விட்டு அவர் பெல்ட் தைத்து நான் பார்த்ததில்லை. சீட்டைப் படித்தேன். இடுப்பளவு ஐம்பத்து நான்கு. துளைகள் ஐந்து மட்டும். நடுத்துளை ஐம்பத்து நான்கில். மேடையிலேயே கட்டப்படுவதால் அளவு பிசகக் கூடாது.

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"ரெண்டு பாசை படிச்சவிய நீங்க. அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் ஏதும் இருக்கா?"

"இல்லை. இடுப்புதான்."

சீட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "மேட்ச் ஞாயித்துக்கிழம" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னைக்குச் செவ்வா" என்றார். அவர் சத்தமில்லாமல் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அவர் பட்டறைக்குள் போனபிறகுதான் சத்தம் வந்தது. "பாய், இன்னும் குஸ்தியே நடக்கல. சாம்பியன் இடுப்பு வந்துட்டு! தோண்டிபா எதுக்கு மேல ஏறணும்? வீட்ல படுத்துத் தூங்கட்டுமே!"

"நான் எத்தன வருசமாச் சொல்லுதேன்? இப்பத்தான் உறைக்காக்கும்?"

"அதுலயும் பொய்யி பாய்! கரடிக்கு அம்பத்திரண்டுதான். நான் கண்ணால அளந்தவன். ரெண்டு அங்குலம் கூட்டிப் போட்டிருக்கான். இடுப்புலகூடவா பொய் சொல்லுவானுவ?"

"அம்பத்தி நாலுன்னா அம்பத்தி நாலு. அஞ்சு துளைன்னா அஞ்சு துளை. ஒண்ணு கூடிச்சு, கொறஞ்சிச்சுன்னா மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போவானுவ. அப்புறம் அந்த ஆர்டரும் இல்ல, அந்தப் பலகையில நீரும் இல்ல. உமக்கு வேண்டியது தையலு. உலகம் இல்ல."

சொரிமுத்து உட்கார்ந்து தைத்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் கடந்துபோனபோது தலை நிமிரவில்லை. போகிறபோக்கில் யாரோ "தோண்டிபா ஜெயிப்பானா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "ஜெயிக்கவன் ஜெயிப்பான்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அது பதிலே அல்ல.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. திரும்பும் வழியில் பெல்ட் முடிந்து பலகையில் கிடந்தது. சாண் அகலம். கறுப்புச் சாயம் கண்ணாடி போல் மின்னியது. நடுவில் பித்தளைப் பட்டயம், இருபுறமும் பித்தளைக் குமிழ்கள், கோடு போட்டது போன்ற இரட்டைத் தையல். அத்தனை கோபத்தோடு அத்தனை ஒழுங்காக ஒருவரால் தைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. முனையில் ஐந்து துளைகள். கரீம் பாட்சா கம்பெனி வண்டியை எதிர்பார்த்துச் சந்தின் முனைக்குப் போயிருந்தார். தங்கத்தாய் தூக்குவாளியோடு நின்றாள்.

"நாளைக்குப் போவீர்களா?" என்று கேட்டேன்.

"போவாம? நான் பாக்கலன்னா வேற எவன் பாப்பான்?"

சொல்லிக்கொண்டே நாடாவை எடுத்தார். பக்கிளிலிருந்து அளந்து, ஐந்து துளைகளுக்கும் வெகுதூரம் முன்னாலேயே நிறுத்தி, இரண்டு குமிழ்களுக்கு நடுவே ஆணி முனையால் ஒரு புள்ளி வைத்தார். நாடாவில் முப்பத்தெட்டரை.

தங்கத்தாய்க்கு உடனே விளங்கிவிட்டது. "வேண்டாங்க. அஞ்சுன்னு எழுதிக் குடுத்திருக்கான்லா. பாய் என்ன சொன்னாருன்னு மறந்து போச்சா? பொழப்பு போயிரும்."

"ஏட்டி, எழுதினவன் எழுதிட்டான். தோண்டிபாவுக்கு இந்தச் சீட்டு தெரியுமா? தெரியாதுல்லா? அவன் நெசமாத்தானே இறங்குவான்? ஒருவேள ஜெயிச்சிட்டாம்னு வையி. அத்தன சனத்துக்கு முன்னால, இடுப்புல நிக்காம இத கையில புடிச்சிட்டா நிப்பான்?"

சொரிமுத்து துளையிடும் உளியைப் புள்ளியின் மேல் நிறுத்தினார். மெழுகு பூசிய தோல் பலகையில் வழுக்கியது. ஒரு கையால் பெல்ட்டையும் உளியையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தார், மறுபடி வழுக்கியது. சந்தின் முனையில் வண்டியின் ஹாரன் கேட்டது.

தங்கத்தாய் தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம், அடிங்க" என்றாள்.