எனக்கு வயல் வேண்டாம்

தலைக்குள் கட்டிபோல் ஏதோ தெரிகிறது, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால்தான் அது எப்படிப்பட்டது என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தக் குழாய்க்குள் தள்ளிய இரண்டு முறையும் மூச்சு முட்டி, அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மயக்க மருந்து என் உடம்புக்கு ஆகாது. அடுத்த தடவையும் முடியாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆளாளுக்கு அறிவுரை மட்டும் சொன்னார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு முருகன நினைச்சுக்க, முடிஞ்சிரும்" என்றாள் அக்கா. "பீச்ச நினைச்சுக்க லா, ரிலாக்ஸா இருக்கும்" என்றார் கணவர். பீச் அவருக்குப் பிடித்த இடம். எனக்கு மணல் காலில் ஒட்டினாலே எரிச்சல் வரும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுகூடவா இந்த மனிதருக்குத் தெரியாது என்று பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில், ஹிப்னோதெரபி செய்யும் ஒருவரிடம் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். குரல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, மூச்சை மெதுவாக விடச் சொல்லி ஆரம்பித்தார். "இப்ப நீங்க உங்க ஊருக்குப் போறீங்க. பச்சை வயல். வாய்க்கால்ல தண்ணி ஓடுது. வெறுங்காலோட வயல்ல இறங்குறீங்க..."

எனக்குத் தெரிந்த வயல் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் தமிழ்நாட்டில் அப்பாவின் உறவினர் கல்யாணத்துக்குப் போனபோது, முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டு கத்திய வயல். அதுவேதான் கண்ணுக்குள் வந்தது. கால் புதைந்தது, நெஞ்சு அடைத்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு மேடம்? நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இது நல்லா ஒத்துவருமே?"

"நம்ம ஆளுங்கன்னா யாரு? நான் இங்கயே, ஈசூன் அடுக்குமாடி வீட்டுல வளர்ந்தவ. என் ஊரு எதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினேன். கீழே நகைக்கடைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நல்லவேளை, அவர் ரோஷப்படவில்லை. "தப்புதான். மனசுல வர்ற படம் உங்களோடதா இருந்தாத்தான் உடம்பு அத நம்பும். நான் என்னோடதக் குடுத்துட்டேன்" என்றார். "சொல்லுங்க, உங்களுக்கு எங்க நிம்மதியா இருக்கும்?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதற்கும் கோபம் வந்தது. பிறகு சொன்னேன்: டபுள் டெக்கர் பஸ், மேல்தளம், முன்சீட், வெளியே மழை. வேலை முடிந்து வீடு போய்ச் சேரும்வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத நேரம் அது.

அவர் அதையே பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் தண்ணீர் வழிவது தெரிகிறதா, ஏசி குளிர் எங்கே படுகிறது என்று கேட்டுக் கேட்டுப் படத்தை நிரப்பினார். ஸ்கேன் இயந்திரத்தின் சத்தத்தைப் போனில் ஓடவிட்டு, அதைச் சாலையோரக் கட்டுமான வேலையின் சத்தமாக நினைக்கவைத்தார். பஸ் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. வீட்டிலும் அப்படியே பழகினேன்.

ஸ்கேன் அன்று குழாய்க்குள் காது கிழியும் சத்தம். ஆனாலும் பஸ் நிற்கவில்லை. முழுதாக எடுத்து முடித்தார்கள்.

வெளியே காத்திருந்த கணவர் எழுந்து வந்தார். "உள்ள என்னதான் நினைச்ச?"

"பஸ்ல போனேன்."

"நானும் இருந்தேனா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இல்ல" என்றேன். "பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. அதனாலதான் முடிஞ்சுது."