ஐந்து முறை சிவப்பு

கிள்ளை ஊர்க்காரி ராசம்மாளின் கையை எலி கடிக்காது. கழிமுகத்தில் நண்டு பிடித்துப் பழகிய கை அது. எந்த அளவு அழுத்தினால் பிடி, எந்த அளவு அழுத்தினால் வலி என்று அதற்குத் தெரியும். சிதம்பரம் தாண்டிக் கடலூர் சாலையில் இருக்கிற ஒரு பார்மசி கல்லூரியில் கூட்டிப் பெருக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் இரண்டாம் முறை கடிபட்டு வேலையை விட்டு ஓடியதும், விளக்குமாற்றைச் சாத்திவிட்டு இவள் எலியைத் தூக்கினாள். பதிமூன்று வருஷம் ஆயிற்று. இன்னும் ஜூனுக்கு ஜூன் புதுப்பிக்கிற வேலைதான்.

எம்.பார்ம் படிக்கிறவர்கள் எலியின் வால் நரம்பில் ஊசி போடப் பழக வேண்டும். நூல் கனத்துக்கு ஓடுகிற நரம்பு. ராசம்மாள் எலியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, வாலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கொடுப்பாள். பிள்ளைகள் குத்துவார்கள், தப்பும், மறுபடி குத்துவார்கள். போன வருஷம் அனுப்பிரியா என்ற மாணவி ஒரே வாலில் பதினொரு தடவை குத்தினாள். வால் கறுத்துப்போயிற்று. எலி துவண்டு ராசம்மாளின் உள்ளங்கையிலேயே மூத்திரம் விட்டது. கத்துக்க வேற வழி இல்லையேக்கா என்று அந்தப் பெண் அழுதாள்.

வழி இல்லையா, யாராவது தேடினார்களா என்று ராசம்மாளுக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே கிள்ளை சைக்கிள் கடையில் போய் நின்றாள். வால்வுக்குள் போடுகிற மெல்லிய ரப்பர் குழாய் வாங்கி, அதில் சிவப்பு மையை ஏற்றி இரண்டு முனையையும் முடிந்தாள். முதலில் மெழுகுவத்தியில் பதித்துப் பார்த்தாள், மெழுகு வெடித்துவிட்டது. பஞ்சில் வைத்தாள், நழுவியது. கடைசியில் ரப்பர் செருப்பு வாரை நெடுக்கக் கீறி, பள்ளத்தில் குழாயைக் கிடத்தி, மேலே கையுறையின் ஒரு விரலை வெட்டி மாட்டினாள். ஊசி சரியாக இறங்கினால் சிரிஞ்சில் சிவப்பு தெரியும். தப்பினால் தெரியாது. அவ்வளவுதான்.

பிறகு ஒரு சட்டம் போட்டாள். தொடர்ந்து ஐந்து முறை சிவப்பு காட்டுகிறவர்களுக்குத்தான் எலியைப் பிடித்துக் கொடுப்பாள். அனுப்பிரியாதான் முதலில் உட்கார்ந்தாள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். சித்தார்த் மட்டும் வரவில்லை. செருப்பைக் குத்தவா எம்.பார்ம் சேர்ந்தேன் என்று சிரித்தான்.

துறைத்தலைவர் ஸ்ரீதர் காதுக்கு இது தேர்வு நாளில்தான் எட்டியது. கடலூரிலிருந்து வெளித்தேர்வாளர் வந்து உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் முடித்துவிட்டார்கள். சித்தார்த் முறை வந்ததும் ராசம்மாள் எலியைக் கூண்டில் விட்டுக் கொக்கியை மாட்டினாள். செருப்பு வாரை எடுத்து அவன் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

ஸ்ரீதருக்கு முகம் சிவந்தது. "வெளியூரு ஆளு முன்னாடி செருப்பத் தூக்கி டேபிள்ல வைக்கிறியா?"

"புதுச் செருப்பு சார். ஒரு நாளும் கால்ல போடல."

எலியை எடு என்றார். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி தின்பவளுக்கு எலிமேல் என்ன கருணை என்று கேட்டார்.

"திங்கறேன் சார். ஆனா கோழிய அறுக்கறதுக்கு முன்னாடி பதினோரு தடவ குத்திப் பாக்கறதில்ல."

யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். ஸ்ரீதர் தானே கூண்டைத் திறந்து கையை விட்டார். எலி மூலையில் நிமிர்ந்து நின்று பல்லைக் காட்டியது. கையை வெளியே எடுத்துக்கொண்டார். சித்தார்த்தைப் பிடிக்கச் சொன்னார். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேர்வாளர் எழுந்து வந்தார். வாரை இழுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். ஒரு சிரிஞ்சு எடுத்து அவரே குத்தினார். சிவப்பு வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஊசியைச் சாய்த்துக் குத்தினார், வந்தது. "இந்தப் பையன் மத்தியானம் செய்யட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து சிவப்பு சேருவதற்குள் சித்தார்த்துக்கு முப்பத்தோரு முறை தப்பியது. ராசம்மாள் எதிரே உட்கார்ந்து வார் மாற்றிக்கொண்டே இருந்தாள், கேலி ஒன்றும் செய்யவில்லை. இரண்டரை மணிக்குக் கூண்டைத் திறந்தாள். முதல் குத்திலேயே இறங்கியது. எலி ஒருமுறை உதறிவிட்டுத் தீனிக்குப் போயிற்று.

அடுத்த வாரம் மெமோ வந்தது. தேர்வில் ஒத்துழைக்க மறுத்ததற்கு விளக்கம் தரவேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த வினோதினி, இரண்டு வரி வருத்தம் எழுதிக் கொடுத்தால் போதும், விஷயம் ஆறிப்போகும் என்று தணிந்த குரலில் யோசனை சொன்னாள். ராசம்மாள் அங்கேயே நின்று தன் கையெழுத்தில் எழுதினாள்: முப்பத்தோரு குத்து எலிமேல் விழவில்லை. வருத்தம் இல்லை. ஐந்து முறை சரியாகக் குத்தாதவர்களுக்கு இனிமேலும் பிடித்துக் கொடுக்க மாட்டேன்.

கையொப்பம் போட்டு, நகலையும் நீட்டி, அதில் பெற்றுக்கொண்டதற்குச் சீல் கேட்டாள். வினோதினி சீலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இதக் குடுத்தா ஜூன்ல உனக்கு ரினியூவல் வராதுக்கா."

"ஜூனுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுக்குள்ள ஜூனியருங்க எட்டுப் பேரும் கத்துக்குவாங்க. நீ சீலப் போடு."