இரண்டு வாசல் கூடாரம்

சியோல் நகரத்தில் பாதி ஜனம் தினமும் குளிப்பது தான் பதித்த தரை ஓட்டின் மேல் நின்றுதான் என்று மா தொக்சு சொல்லுவார். மீதிப் பாதி என்ன ஆச்சு என்று கேட்டால், அவங்க வீட்டுல எல்லாம் தண்ணி ஒழுகும் என்பார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, சிமென்ட் சட்டி தூக்கி, முட்டி தேயத் தேய ஓடு பதித்து, கடைசியில் உல்ஜிரோ தெருவில் சொந்தமாகக் குளியலறை ஓட்டுக் கடை போட்ட மனிதர். எவனிடமும் போய் எதையும் குறைத்துக் கேட்டதில்லை, விலையைத் தவிர.

அப்படிப்பட்டவர் அறுபது தாண்டின பிறகு ஒரு கூடாரம் வாங்க வேண்டி வந்தது.

காரணம் மனைவி மல்சுன். அந்தம்மா ஒரு மலையேற்றச் சங்கத்தில் இருந்தார். சங்கம் மே மாதம் குலூப் தீவுக்குப் போய், கடலோரப் புல்மேட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறது. மல்சுன் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. தொக்சுவும் இல்லை. ஆனாலும் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டார்.

இதில் ஒரு சிக்கல். தொக்சுவின் குறட்டைக்குப் பயந்து மல்சுன் பதினோரு வருஷமாக, மகள் தாஹே கல்யாணமாகிப் போனதில் காலியான அறையில்தான் படுக்கிறார். வீட்டிலாவது நடுவில் சுவர் இருந்தது.

"நீங்க வர்றதை நான் வேணாங்கல, தாஹே அப்பா. ஆளுக்கொரு டென்ட்டு. இல்லாட்டி நான் யோங்நேகூடப் படுத்துக்கறேன்," என்றார் மல்சுன். யோங்நே சங்கத்துத் தலைவி.

ஒற்றையாள் கூடாரம் இரண்டு வாங்குவதைவிட, இருவர் கூடாரம் ஒன்று வாங்கினால் விலையும் குறைவு, முதுகில் சுமையும் குறைவு என்று தொக்சு வாதாடினார். வாதம் சரிதான். ஆனால் அவருக்கு உறுத்தியது வேறு. தன் பெண்டாட்டி இன்னொருத்தி கூடாரத்தில் படுக்க, தான் பக்கத்தில் மூட்டை மாதிரித் தனியாகக் கிடப்பதைச் சங்கமே பார்க்கும். சங்கம் பார்க்காவிட்டாலும் அவருக்கு அது பிடிக்கவில்லை. இதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மல்சுன் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். வாங்கும் கூடாரத்தை ஹான் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு மத்தியானம் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் அவர் பக்கத்தில் படுத்துத் தனக்குத் தூக்கம் வந்தால் ஒரே கூடாரம், வராவிட்டால் யோங்நே. இன்னொன்று, வாசல் இரண்டு இருக்க வேண்டும். பாதித் தூக்கத்தில் ஒன்றுக்குப் போக எழுந்தால் அவர் வயிற்றின் மேல் ஏறித் தாண்டத் தன்னால் ஆகாது.

ஜோங்னோவில் மலைச் சாமான் கடை வைத்திருந்த நாம் என்பவரும் அதையேதான் சொன்னார். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு முளை அடிக்காமலே தானாக நிற்கும் கூடாரம்தான் தோது. கம்பி அலுமினியமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் வாசல், வாசலுக்கு வெளியே செருப்பும் பையும் நனையாமல் வைக்கத் துணித் தாழ்வாரம். இவ்வளவும் இருக்கிற நடுவிலைக் கூடாரம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

தொக்சு இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி, பக்கத்தில் பாதி விலைக்குக் கிடந்த கூடாரத்தின் தரையை அளந்தார். நீளம், அகலம், மூலைக்கு மூலை. இரண்டு மெத்தை தாராளமாக விரிக்கலாம்.

"முதலாளி, அதுக்கு ஒரு வாசல்தான்," என்றார் கடைக்காரர்.

"என் வீட்டுக்கும் ஒரு வாசல்தான்," என்றார் தொக்சு. அதற்கு மேலும் விலையைக் குறைத்துத்தான் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடாரம் நின்றது. கிம்பாப் சோற்றுச் சுருளும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். இரண்டாவது வாசல் எங்கே என்று மல்சுன் கேட்டார். தூங்கினப்புறம் அதைப் பத்திப் பேசிக்கலாம் என்று தொக்சு சொல்லி, சைக்கிள் சத்தம் வராமலிருக்க ஜிப்பை இழுத்து மூடினார். மல்சுனுக்குக் கண் சொருகும் நேரத்தில் வெளியே யாரோ துணியைத் தட்டினார்கள்.

பூங்காக் காவலர். சின்ன வயசு. வெளியே ஓர் ஆண் செருப்பு, ஒரு பெண் செருப்பு. ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்த்த தலை நரைத்திருந்ததில் அவருக்கே கொஞ்சம் சங்கடம்.

"பெரியவரே, இங்க டென்ட்டுக்கு ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும். அதான் சட்டம்."

இதுக்கு ஒரு பக்கம்தான் இருக்கு என்றார் தொக்சு. அப்படியானால் மடித்துவிட வேண்டியதுதான் என்றார் காவலர். இளவட்ட ஜோடிகளுக்காகப் போட்ட சட்டத்தைத் தன்னிடம் காட்டுவதா என்று தொக்சு தன் வயசையும், கடையையும், அந்தப் பூங்காக் கழிப்பறைக்கு ஓடு கொடுத்தது யார் என்பதையும் எடுத்துச் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து மல்சுனின் குரல் வந்தது. "தம்பி, பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த மனுஷன் பக்கத்துல படுத்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

காவலர் ஆற்றைப் பார்த்தார். தொக்சு கூடாரத்தை மடித்தார்.

ஒரு தடவை புல்லில் விரித்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். தொக்சு அந்த நடுவிலைக் கூடாரத்தைக் காட்டி, அதைக் கட்டுங்கள் என்றார். விலை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று கடைக்காரர் விசாரித்தார். முதல் கூடாரம் மருமகனுக்குப் பரிசாகப் போனது. மருமகன் மலைப் பக்கமே போகிறவர் இல்லை.

அடுத்த ஞாயிறு அதே புல்தரை. இரண்டு வாசலும் திறந்திருக்க, ஆற்றுக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. ஆளுக்கொரு வாசலில் ஆளுக்கொரு ஜோடிச் செருப்பு. தூங்கினால்தானே குறட்டை என்று தொக்சு கண்ணை அகல விழித்து, கூரையின் தையலைப் பார்த்தபடி படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மல்சுன் தூங்கிவிட்டார்.

பிறகு சத்தம் வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் ஓடு அறுக்கும் இயந்திரத்தைப் போட்டது போல. தொக்சு எழுந்து உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். சந்தேகமே இல்லை.

காவலர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

"அம்மாவா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆத்துல படகு போகுது," என்றார் தொக்சு.

ஆற்றில் படகு எதுவும் இல்லை. காவலர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

மல்சுன் எழுந்ததும் முதலில் கேட்டது, "தூங்கிட்டேனா?"

"கொஞ்சம்."

"நீங்க குறட்டை விடல போலிருக்கே."

"விடல."

டென்ட்டில் காற்றோட்டம் இருந்தால் குறட்டை வராதாக்கும் என்று மல்சுன் தானே ஒரு முடிவுக்கு வந்து, அங்கிருந்தே யோங்நேயைக் கூப்பிட்டு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டென்ட்டுதான் என்று சொல்லிவிட்டார். தொக்சு கம்பிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஊருக்கே சொல்லிப் பீற்றிக்கொள்ள அன்றைக்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் மருந்துக் கடைக்குப் போய், காதில் அடைக்கும் பஞ்சு ஒரு ஜோடி வாங்கினார். நல்லதாகக் கொடுங்கள் என்றார். அதற்கும் விலை பேசவில்லை.